பாண்டமிக்: மூன்று பேர், ஒரே அணி, முதல் ஆட்டம்

சிங்கப்பூர் தோ பாயோவில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் பலகையை வைத்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "யாருக்கு எதிராக ஆடுகிறோம்?" கேரமும் தாயமும் ஆடி வளர்ந்த யாரும் இதைத்தான் கேட்பார்கள். எதிரணி கிடையாது. மாட் லீக்காக் வடிவமைத்து 2008இல் வெளிவந்த பாண்டமிக் என்ற பலகை ஆட்டத்தில் உலகெங்கும் நான்கு நோய்கள் பரவுகின்றன. நான்குக்கும் மருந்து கண்டுபிடித்தால் எல்லாருக்கும் வெற்றி, தவறினால் எல்லாருக்கும் தோல்வி. இருவர் முதல் நால்வர் வரை ஆடலாம். முதல் முறைக்கு மூவர் போதும் என்பேன்.

1. எல்லாருடைய காய்களையும் ஓர் ஆய்வு நிலையத்தையும் அட்லாண்டாவில் வையுங்கள். (சிங்கப்பூரைத் தேட வேண்டாம், பலகையில் இல்லை. சென்னை இருக்கிறது!) நோய்ச் சீட்டுகளில் ஒன்பதைத் திருப்புங்கள். முதல் மூன்று நகரங்களில் நோயைக் குறிக்கும் மும்மூன்று கட்டைகள், அடுத்த மூன்றில் இரண்டிரண்டு, கடைசி மூன்றில் ஒவ்வொன்று.

2. ஆளுக்கொரு வேடம் தரும் பாத்திரச் சீட்டுகளைக் குலுக்கித் தருவதுதான் விதி. புதியவர்களுக்கு நான் மருத்துவர், விஞ்ஞானி, ஆராய்ச்சியாளர் மூன்றையும் எடுத்தே கொடுத்துவிடுகிறேன். அவற்றின் பயன் உடனே புரியும்.

3. நகரச் சீட்டுகள் 48, நிகழ்வுச் சீட்டுகள் 5. கலந்து ஆளுக்கு மூன்று கொடுத்தால் மீதி 44. அதை 11 வீதம் நான்கு கட்டாக்கி, கட்டுக்கு ஓர் எபிடமிக் (கொள்ளைநோய்) சீட்டைச் செருகிக் கலைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள்.

4. உங்கள் முறையில் நான்கு செயல்கள் செய்யலாம்: பக்கத்து நகரத்துக்குப் போவது, ஒரு கட்டையை அகற்றுவது போன்றவை. பிறகு அடுக்கிய கட்டிலிருந்து இரண்டு சீட்டுகள் எடுங்கள். அதன்பின் நோய்ச் சீட்டுகளைத் திருப்பி, வரும் நகரங்களில் ஒவ்வொரு கட்டை வையுங்கள். தொடக்கத்தில் இரண்டு சீட்டுகள், போகப்போகக் கூடும்.

5. இங்கேதான் ஆட்டம் சூடுபிடிக்கிறது. ஒரு நகரத்தில் ஒரே நிறத்தில் மூன்று கட்டைகள் இருந்து, நான்காவது வர வேண்டியிருந்தால் நோய் வெடிக்கும். அன்று சென்னை வெடித்தது. மும்பை, டெல்லி, கொல்கத்தா, பாங்காக், ஜகார்த்தா எனச் சென்னையோடு இணைந்த ஐந்து நகரங்களிலும் நான் கறுப்புக் கட்டைகளை வைக்க வைக்க, அக்கா பாயிலிருந்து எழுந்து மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். எட்டாவது வெடிப்பில் ஆட்டம் முடிந்துவிடும். எபிடமிக் சீட்டு வந்தால், ஏற்கெனவே திருப்பிய நோய்ச் சீட்டுகளைக் கலைத்துக் கட்டின் மேலேயே வைக்க வேண்டும். அதாவது, அடிபட்ட ஊர்களே மறுபடி அடிபடும். அடுத்த ஆபத்து எங்கே என்று ஊகிக்க இதுவே வழி.

6. கட்டைகளைத் துடைத்துக்கொண்டே இருக்காதீர்கள். புதியவர்கள் பெரும்பாலும் தோற்பது இதனால்தான். எபிடமிக் நான்கையும் சேர்த்துக் கட்டில் 48 சீட்டுகள். முறைக்கு இரண்டு போனால் மொத்தம் 24 முறைகள், ஆளுக்கு எட்டே எட்டு. அதன்பின் எடுக்கச் சீட்டில்லாவிட்டால் தோல்வி. ஆகவே வெடிக்கப்போகும் ஊரை மட்டும் காப்பாற்றிவிட்டு, ஒரே நிறத்தில் ஐந்து நகரச் சீட்டுகளை ஒருவர் கையில் சேருங்கள். விஞ்ஞானிக்கு நான்கு போதும். ஆய்வு நிலையத்தில் அவற்றைப் போட்டால் மருந்து தயார். பலகையில் கட்டைகள் மிச்சமிருந்தாலும் பரவாயில்லை.

7. ஆட்டம் தெரிந்தவரே, தயவுசெய்து வாயை மூடிக்கொள்ளுங்கள். நீங்களே எல்லாருடைய காயையும் நகர்த்தச் சொன்னால் மற்ற இருவரும் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஆகிவிடுவார்கள். எங்கள் வீட்டில் சீட்டுகள் திறந்தே இருக்கும். யாருடைய முறையோ அவர்தான் முதலில் பேச வேண்டும். அக்கா ஒரு நிமிடம் யோசித்து, தன் சீட்டை விஞ்ஞானியான தோழியிடம் சேர்க்க பாங்காக்கில் இருவரும் சந்திக்கலாம் என்றார். எனக்குத் தோன்றாத வழி அது. எங்களுக்கு ஒரு மருந்து அப்படித்தான் கிடைத்தது.

வென்றுவிட்டால் அடுத்த முறை ஐந்து எபிடமிக் சீட்டுகள் போடுங்கள். 44ஐ ஐந்தாகப் பிரித்தால் ஒரு கட்டில் எட்டுதான் வரும். அதை அடியில் வையுங்கள்.