கோப்பில் ‘பேசவும்’ என்று எழுதாதீர்கள்: பல்கலைக்கழக நிர்வாகத்துக்குப் புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இருபது வருடம் நன்றாகப் பாடம் நடத்திய பேராசிரியர் ஒருநாள் பதிவாளராகவோ தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலராகவோ வந்து உட்காருகிறார். நம் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் இப்படித்தான். அந்த வேலையை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். தேர்வுப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்ததால் சொல்கிறேன், நல்ல மனிதர்களே இங்கே தடுமாறியிருக்கிறார்கள், தடுமாறிய இடமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முடிவெடுக்கத் தயக்கமாக இருந்தால் கோப்பில் ‘பேசவும்’ என்று எழுதிக் கீழே இறக்கிவிடுவார்கள். பிரிவு அலுவலர் பேசப் போவார், ஐயா கூட்டத்தில் இருப்பார், மறுநாள் போவார், ஐயா சென்னைக்குக் கிளம்பியிருப்பார், இப்படியே இரண்டு வாரம் ஓடிவிடும். அந்தக் கோப்புக்குள் இருப்பது யாரோ ஒரு பிள்ளையின் உண்மைத்தன்மைச் சான்று, அதாவது பட்டம் உண்மையானதுதான் என்று பல்கலைக்கழகம் தருகிற சான்று. அது போய்ச் சேர்ந்தால்தான் அந்தப் பிள்ளைக்கு வேலை உறுதியாகும் என்ற நிலையில், தினமும் போன் செய்து ‘சார், அனுப்பிட்டீங்களா’ என்று கேட்கிற அப்பாக்களுக்குப் பதில் சொன்னவன் நான். சந்தேகம் இருந்தால் அதைக் கோப்பிலேயே கேள்வியாக எழுதுங்கள். ‘எந்த விதியின்படி? முன்பு இப்படிச் செய்திருக்கிறோமா?’ என்று இரண்டு வரி போதும். பதிலும் எழுத்தில் வரும், உங்களுக்கும் விதி பழகும்.

அடுத்தது, கண்காணிப்பாளரையும் பிரிவு அலுவலரையும் தாண்டி உதவியாளரை நேராகக் கூப்பிட்டு வேலை சொல்வது. வேகமாக நடக்கிற மாதிரிதான் தெரியும். ஆனால் ஒரு மாதத்தில் யார் யாருக்குப் பதில் சொல்வது என்றே தெரியாமல் போய்விடும், தப்பு நடந்தால் கடைசியில் மாட்டுவது அந்த உதவியாளர்தான். எல்லோர் முன்னாலும் ஒருவரைத் திட்டுவதும் வேண்டாம். வகுப்பில் மாணவன் மூன்று வருடத்தில் போய்விடுவான், இங்கே அந்த மனிதர் நீங்கள் போன பிறகும் அதே இருக்கையில் இருப்பார், அந்த இருக்கையின் பழைய வரலாறு முழுக்க அவர் தலையில்தான் இருக்கிறது. முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு பிரிவிலும் போய் உட்கார்ந்து ‘உங்களிடம் என்ன தேங்கி நிற்கிறது’ என்று மட்டும் கேளுங்கள்.

அப்புறம், நல்ல யோசனை என்பதற்காகவே உடனே உத்தரவு போட்டுவிடாதீர்கள். பாடத்திட்டக் குழு, கல்விக்குழு, ஆட்சிக்குழு என்று ஒப்புதல் வாங்க வரிசை ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டிச் செலவு செய்தால் தணிக்கைத் தடை, அதாவது கணக்குத் தணிக்கையாளரின் ஆட்சேபம், வரும். வருவது பல வருடம் கழித்து, ஓய்வுபெறுகிற நேரத்தில் பணப்பலனை நிறுத்திவைக்கும்போது.

விடைத்தாள் கேட்டு மாணவர் மனுப் போட்டால் அவரை எதிரியாகப் பார்க்காதீர்கள். திருத்திய தன் விடைத்தாளைப் பார்க்கத் தேர்வு எழுதியவருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றமே 2011-இல் சொல்லிவிட்டது. தகவல் உரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள் பதில் கொடுக்க வேண்டும், காரணமில்லாமல் தாமதித்தால் பொதுத் தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம். மனுக்கள் குவிந்தால், மதிப்பீட்டில் எங்கோ கோளாறு இருக்கிறது என்று அர்த்தம். எந்தப் பாடத்துக்கு அதிகம் வருகிறது என்று பாருங்கள்.

பயிற்சிக்கு வருகிறேன். கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கான பயிற்சி மையங்களுக்குப் பதவி உயர்வுக்கான சான்றிதழுக்காக மட்டுமே போவது பெரிய இழப்பு. பொறுப்பேற்கும் முன் கோப்பு நடைமுறை, நிதி விதி, ஒப்பந்தப்புள்ளிச் சட்டம் மூன்றையும் கேட்டுப் படித்துவிடுங்கள். இங்கே எனக்குத் தெரிந்த சிறந்த பயிற்சி ஓய்வுபெற்ற பிரிவு அலுவலர் ஒருவரோடு நான்கு சனிக்கிழமை உட்காருவதுதான், கூப்பிட்டால் சந்தோஷமாக வருவார்கள்.

கடைசித் தவறு போகும்போது நடப்பது. பதவிக்காலம் முடிந்ததும் சாவியை மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நிலுவைக் கோப்புகள், நீதிமன்ற வழக்குகள், அடுத்த மூன்று மாதத்தில் முடிக்க வேண்டியவை, யாரிடம் எதைக் கேட்கலாம், இதையெல்லாம் நான்கு பக்கத்தில் எழுதி, வரப்போகிறவரிடம் கையில் கொடுத்து, ஒரு மணி நேரம் கூடவே உட்கார்ந்து விளக்கிவிட்டுப் போங்கள்.