குறைமாதச் சிசுவுக்குக் குருதி ஏற்றும் முறை

ஒரு கிலோகிராம் எடையுள்ள குறைமாதச் சிசுவின் உடலில் ஓடும் குருதி ஏறத்தாழ 90 மில்லிலீற்றர்தான்; பரிசோதனைக்கென்று 1 மில்லிலீற்றர் எடுத்தாலே நூற்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. ஆகவே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் புதிதாக வரும் தாதியரும் மருத்துவரும் முதலில் பழக வேண்டியது, அவசியமற்ற பரிசோதனைக்குக் குருதி எடுக்காமல் இருப்பதே. தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது பொறுத்துக் கட்டுவதும் பின்னர் குருதி ஏற்ற வேண்டிய தேவையைக் குறைக்கும். 1000 கிராமுக்கு உட்பட்ட எடையில் பிறந்த சிசுக்களைப் பற்றி 2020 இல் வெளியான இரு பெரிய ஆய்வுகளில், ஹீமோகுளோபின் சற்றுக் கூடுதலாகக் குறையும்வரை காத்திருந்து ஏற்றியதால் இரண்டு வயதளவிலான வளர்ச்சியில் பாதிப்புக் காணப்படவில்லை.

ஏற்றுவதென முடிவானால், சிசுவின் மாதிரியோடு தாயின் குருதி மாதிரியும் வேண்டும். முதல் நான்கு மாதங்களில் சிசுவின் உடலிலுள்ள பிறபொருளெதிரிகள் பெரும்பாலும் தாயிடமிருந்து வந்தவையே என்பதால், பொருத்தம் பார்ப்பதற்குத் தாயின் மாதிரியே சிறந்தது. மூதூரிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ சிசு மட்டும் அம்புலன்சில் திருகோணமலை நகருக்கு வந்து, தாய் அங்கேயே தங்கிவிடுவதுண்டு. அனுப்புகிறவர்கள் பெயரும் நேரமும் எழுதிய தாயின் மாதிரிக் குழாயையும் சிசுவோடு அனுப்பிவிட்டால் வீண் தாமதம் நேராது.

"என்ர ரத்தத்தை எடுத்துக் குடுங்கோ டொக்டர்" என்று தகப்பன் கேட்பது இயல்பு. நெருங்கிய உறவினரின் குருதியிலுள்ள வெண்குழியங்கள் அரிதாகச் சிசுவின் உடலையே தாக்கக்கூடும் என்பதையும், குருதி வங்கியிலிருந்து வருவதே பாதுகாப்பானது என்பதையும் அவருக்கு நிதானமாக எடுத்துச் சொல்லிய பின்னரே சம்மதம் பெற வேண்டும்.

பெரும்பாலான தவறுகளுக்கு இடம் கொடுப்பது அடையாளம் பார்க்கும் கட்டமே. பெயர் வைக்கப்படாத சிசுக்கள் தாயின் பெயரிலேயே பதியப்படுவதால், இரட்டையர் இருந்தாலோ, ஒரே பெயருள்ள இரு தாய்மார் விடுதியில் இருந்தாலோ குழப்பம் எளிதில் வரும். இருவர் தனித்தனியே, சிசுவின் அருகில் நின்று, காற்பட்டியிலுள்ள பி.எச்.ரி. (விடுதியில் ஒவ்வொரு நோயாளிக்கும் வைக்கும் குறிப்பேடு) இலக்கத்தையும் பையின் இலக்கம், குருதி வகை, காலாவதித் திகதி ஆகியவற்றையும் ஒப்பிட வேண்டும். மேசையில் வைத்துப் பார்ப்பது போதாது. பையிலிருந்து சிரிஞ்சுக்குக் குருதியை வடிகட்டி வழியாக எடுத்ததும், சிரிஞ்சிலும் அதே விபரங்களை ஒட்ட வேண்டும்.

வழமையான அளவு கிலோவுக்கு 15 மில்லிலீற்றர். 1.2 கிலோ எடையுள்ள சிசுவுக்கு அது 18 மில்லிலீற்றர். சிரிஞ்ச் பம்பை மணிக்கு 6 மில்லிலீற்றரில் வைத்தால் மூன்று மணித்தியாலத்தில் முடியும். இணைப்புக் குழாயை நிரப்பத் தேவையானதைக் கூடுதலாக எடுக்க மறக்கக்கூடாது. குளிர்சாதனத்திலிருந்து வெளியே எடுத்து நான்கு மணித்தியாலத்துக்குள் ஏற்றி முடித்துவிட வேண்டும். கச்சான் காற்றடிக்கும் மாதங்களின் வெக்கையில் குருதிப் பை வந்த பெட்டியைத் தாழ்வாரத்தில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போவது மன்னிக்க முடியாத கவனயீனம். குருதி செல்லும் குழாயில் டெக்ஸ்ட்ரோஸ் எனும் சீனிக் கரைசலோ கல்சியமோ மருந்தோ சேரவே கூடாது.

வெப்பநிலை, இதயத்துடிப்பு, சுவாசம், இரத்த அழுத்தம் ஆகியவற்றைத் தொடங்குமுன்னும், 15 நிமிடத்திலும், பின் மணிக்கொரு முறையும் குறிக்க வேண்டும். டெக்ஸ்ட்ரோஸை நிறுத்தியிருந்தால் சீனியளவு விழக்கூடும். அதையும் பார்க்க வேண்டும். காய்ச்சல், மூச்சுத்திணறல், சிவந்த சிறுநீர் எதுவாயினும் உடனே நிறுத்தி, பையை வீசாமல் வைத்துக்கொண்டு, மருத்துவருக்கும் குருதி வங்கிக்கும் அறிவிக்க வேண்டும்.

முடிந்ததும் ஏறிய அளவையும் பையின் இலக்கத்தையும் பி.எச்.ரி.யில் எழுத வேண்டும். ஒரே கொடையாளரின் குருதி சிறு பைகளாகப் பிரிக்கப்பட்டு அச்சிசுவுக்கென ஒதுக்கப்பட்டிருந்தால் அதையும் குறித்து வைத்தால், அடுத்த முறை ஏற்றுவோர் வேறொரு கொடையாளரின் பையைக் கேட்க மாட்டார்கள்.