மெலிசான கையெழுத்து ஃபாண்ட்: கல்யாணப் பத்திரிகையில் எங்கே போடலாம், எங்கே கூடாது

முகூர்த்த மாதம் வந்தால் கிருஷ்ணகிரி டிடிபி கடைகளில் ஒரே பேச்சுதான். "பேனாவால எழுதின மாதிரி, மெலிசா, ஸ்டைலா பேரு வரணும்ணா." திரையில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். அச்சாகி வந்தால்தான் வம்பு. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு, நான் செய்யும் வரிசையிலேயே சொல்கிறேன்.

1. ஃபாண்ட் எடுங்கள். கூகுள் ஃபாண்ட்ஸில் ஆங்கிலத்துக்கு சாக்ரமென்டோ, கிரேட் வைப்ஸ், தமிழுக்கு கவிவனார். மூன்றும் இலவசம், காசு வாங்கிச் செய்யும் வேலைக்கும் பயன்படுத்தலாம். சாக்ரமென்டோவில் கோடு ஏறக்குறைய ஒரே தடிமனில் ஓடும். கிரேட் வைப்ஸில் இறங்கும் கோடு தடித்து, ஏறும் கோடு மயிரிழையாகிவிடும். முதல் வேலைக்கு சாக்ரமென்டோ போதும். கவிவனார் அவ்வளவு மெலிசு இல்லை, சாய்ந்த கையெழுத்து. தமிழுக்கு அது நல்லதுதான், காரணம் நாலாவதில் வரும்.

2. தட்டுங்கள். பாமினி என்ற பழைய ஃபாண்ட் முறைத் தட்டச்சு இதில் வேலை செய்யாது, இப்போது எல்லா இடத்திலும் பொதுவாக உள்ள யூனிகோடுதான். பழைய டிசைன் மென்பொருள் சிலவற்றில் 'கொ' உடைந்து கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். இலவசமான இன்க்ஸ்கேப்பில் அந்தத் தொல்லை இல்லை.

மாப்பிள்ளை, பெண் பெயருக்கு மட்டும் இந்த ஃபாண்ட். தேதி, நேரம், மண்டப முகவரி எல்லாம் சாதா எழுத்தில் இருக்கட்டும். காவேரிப்பட்டணத்திலிருந்து பஸ் ஏறி வரும் பெரியப்பா கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

3. ஆங்கிலப் பெயரென்றால் முதல் எழுத்து மட்டும் கேப்பிடல். முழுக்க கேப்பிடலில் போட்டால் சுழிகள் ஒன்றோடொன்று மோதி, யார் பெயர் என்றே தெரியாது. எழுத்து இடைவெளியைக் கூட்டவும் வேண்டாம், இணைப்புக் கோடு அறுந்துவிடும். தமிழ் எழுத்துகள் சேர்ந்து ஓடாதவை, அங்கே கொஞ்சம் கூட்டினால் தப்பில்லை.

4. நிஜ அளவில் பிரிண்ட் எடுங்கள். இதை விடவே விடாதீர்கள். ஒருமுறை மெரூன் அட்டையில் பெயரை வெள்ளையாக விட்டு, மெலிசான தமிழ் ஃபாண்டில் வைத்தேன். திரையில் நாலு மடங்கு பெரிதாக்கிப் பார்த்த திருப்தியில் பிரஸ்ஸுக்கு அனுப்பிவிட்டேன். மை பரவி வெள்ளைக் கோட்டைத் தின்றுவிட்டது. 'கார்த்திக்'கில் இருந்த மூன்று புள்ளியில் ஒன்றுகூடத் தேறவில்லை, அட்டையில் 'காரததிக' என்று நின்றது. 500 பத்திரிகையும் மறுபடி என் செலவில்.

தமிழில் முதலில் போவது புள்ளி. அடுத்தது ண, ன சுழி வித்தியாசம். 100 சதவீத அளவில் பிரிண்ட் எடுத்து, கை நீட்டிப் பிடித்துப் படியுங்கள். புள்ளி தெரியவில்லையா, எழுத்தைப் பெரிதாக்குங்கள், அல்லது அதே நிறத்தில் 0.25 பாயின்ட் ஓரக்கோடு கொடுங்கள். அடர்ந்த பின்னணி என்றால் நான் இப்போதெல்லாம் மெலிசு பக்கமே போவதில்லை.

5. அனுப்பும் முன் இன்க்ஸ்கேப்பில் எழுத்தைத் தேர்ந்தெடுத்து ஷிப்ட், கன்ட்ரோல், சி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்து வடிவமாக மாறிவிடும், பிரஸ் கம்ப்யூட்டரில் அந்த ஃபாண்ட் இல்லாவிட்டாலும் கவலையில்லை. மாற்றாத நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், இனிஷியல் திருத்தம் கடைசி நிமிடத்தில் வராமல் இருக்காது.

பத்திரிகை தவிர, மாம்பழ ஜாம் பாட்டிலில் 'செந்தூரா' என்ற ஒற்றைச் சொல்லுக்கும், போட்டோ மூலையில் ஸ்டுடியோ பெயருக்கும் இது நன்றாக உட்காரும். சேலம் ரோட்டில் வைக்கும் ஃப்ளெக்ஸுக்குக் கேட்டால் மட்டும் முடியாதென்று சொல்லிவிடுங்கள். பஸ்ஸில் போகிறவர் கண்ணுக்கு அது வெறும் கீறல்.