மூணு நாள் மண்டைய ஒடச்ச கோயின்சிடன்ஸ் கவுண்ட், கடைசில பாத்தா கேபிள்

தென்னாப்பிரிக்கா டர்பன்ல இஞ்சினியரிங் பசங்களுக்கு ஒரு குவாண்டம் ஆப்டிக்ஸ் லேப் செட் பண்ணிட்டிருந்தேன், 405 நானோமீட்டர் லேசர் பிபிஓ (BBO)ங்கற கிறிஸ்டல்ல போனா 810-ல ஜோடி ஜோடியா ஃபோட்டான், அதாவது ஒளித்துகள், வரும், ரெண்டு டிடெக்டரும் ஒரே நேரத்துல கிளிக் ஆகணும். தனித்தனியா செகண்டுக்கு 50,000 வருது, ஆனா ரெண்டும் சேர்ந்து வர்றது, அதான் கோயின்சிடன்ஸ் கவுண்ட், வெறும் 25 கிட்ட தான். மூணு நாள் கண்ணாடியத் திருகித் திருகி விரலே தேஞ்சு போச்சு, நடுவுல லோட்ஷெடிங்னு கரண்ட் கட் வேற.

அப்புறம் சாட்ஸ்வொர்த்ல இருந்து வர்ற ஒரு பொண்ணு, "சார், சும்மா தற்செயலா எத்தன வரும்னு கணக்கு போட்டீங்களா"ன்னு கேட்டுச்சு. ரெண்டு கிளிக்கும் 'ஒரே நேரம்'னு எடுத்துக்கற இடைவெளி, அதான் விண்டோ, 10 நானோசெகண்ட், அத 50,000, 50,000 ரெண்டோடயும் பெருக்கினா பளிச்சுனு 25! அப்போ நிஜ ஜோடி ஒண்ணுகூட சிக்கல. வெக்கமாப் போச்சு.

ஒரு டிடெக்டர் பக்கம் எட்டலைன்னு நான்தான் 4 மீட்டர் கூடுதலா கேபிள் இழுத்திருந்தேன். அந்த மாதிரி கோஆக்ஸ் கேபிள்ல சிக்னலுக்கு மீட்டருக்கு சுமார் 5 நானோசெகண்ட் ஆகும், ஆக 20 லேட்டு, விண்டோவுக்கு வெளிய. ரெண்டையும் சம நீளமா மாத்துனேன், கவுண்ட் ஜிவ்வுனு ஏறிடுச்சு.

இப்பல்லாம் வேணும்னே அந்த நீளக் கேபிள மாட்டி வச்சிட்டு, ஏன் 25-னு பசங்களையே தேட விடுறேன். அந்தப் பொண்ணுக்கு ஒரு பீன்ஸ் பன்னி சௌ (bunny chow, குடைஞ்ச பிரெட்டுக்குள்ள பீன்ஸ் கறி) வாங்கிக் குடுத்தாச்சு.