அறுபதுக்கு மேல் நடக்கத் தொடங்குவோருக்கு: ஏழு வாரக் கணக்கு

மறதி தலைகாட்டியதும் பலர் குறுக்கெழுத்துப் புதிரோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். போடட்டும், தவறில்லை, ஆனால் நடந்துவிட்டு வந்து போடட்டும். புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி முதுமையில் ஆண்டுக்கு 1 முதல் 2 சதவீதம் சுருங்குகிறது. 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஓராண்டு நடந்த முதியவர்களுக்கு அது சுமார் 2 சதவீதம் வளர்ந்திருந்தது. கைகாலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குச் சுருங்கியிருந்தது. இதை வைத்து மறதி நோயே வராது என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் அவர்கள் நடந்த கணக்கு, புதிதாகத் தொடங்குவோருக்கு அருமையாகப் பொருந்துகிறது.

படி 1: இதய நோய், ரத்த அழுத்தம், தலைச்சுற்றல் இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

படி 2: முதல் வாரம் 10 நிமிடம், மூன்று நாள். அவ்வளவுதான். "இது ஒரு நடையா?" என்று முதல் நாளே முக்கால் மணி நேரம் நடப்பவர்தான் மறுநாள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார். வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டுங்கள். ஏழாவது வாரம் 40 நிமிடம் வந்துவிடும்.

படி 3: வேகத்தை அறியக் கருவி வேண்டாம். நடந்தபடியே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நெஞ்சு வலித்தால் உடனே நிறுத்தி உதவி கேளுங்கள்.

படி 4: கைபேசி பையில் இருக்கட்டும், காதில் வேண்டாம். மனஅழுத்தம் நீடித்தால் கார்டிசால் என்ற ஹார்மோன் அதிகமாகச் சுரக்கிறது. அதை ஏற்கும் ஏற்பிகள் ஹிப்போகேம்பஸில் ஏராளம். கவலை நினைவாற்றலைப் பாதிக்கும் வழிகளில் இதுவும் ஒன்று. குடும்பச் சண்டையைத் தொலைபேசியில் தொடர்ந்துகொண்டே நடப்பதில் என்ன பயன்? நடந்து முடித்ததும் உட்கார்ந்து, நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். ஐந்து நிமிடம் போதும்.

படி 5: பலரும் விட்டுவிடுவது சமநிலைப் பயிற்சியைத்தான். ஒருமுறை விழுந்தால் நடையே நின்றுபோகும். சக்கரம் இல்லாத, கனமான நாற்காலியின் முதுகை இரு கைகளாலும் பிடித்து, ஒற்றைக் காலில் 10 விநாடி நில்லுங்கள், பிறகு மறுகால். தடுமாற்றம் குறைந்தபின் ஒரு கை, அப்புறம் ஒரு விரல் மட்டும். 65 வயதைக் கடந்தவர்கள் சமநிலைப் பயிற்சியை வாரத்தில் மூன்று நாளாவது செய்யச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இடையில் காய்ச்சலோ பயணமோ வந்து ஒரு வாரம் விட்டுப்போனால், விட்ட இடத்திலிருந்து அல்ல, அதற்கு முந்தைய வாரக் கணக்கிலிருந்து தொடருங்கள்.