சொராரிட்டி சாப்டர் எவ்வளவு பெரிதாக வளரலாம்? கணக்கில் நேரும் தவறுகள்

1867இல் இலினாய் மாநிலத்தின் மான்மத் கல்லூரியில் பன்னிரண்டு பெண்கள் கூடித் தொடங்கிய சங்கம்தான் இன்று பை பீட்டா ஃபை என்ற பெயரில் அமெரிக்கா முழுவதும் கிளை பரப்பியிருக்கிறது. கல்லூரி மாணவிகள் மட்டும் உறுப்பினராகும் இத்தகைய சங்கங்களைச் சொராரிட்டி என்றும், ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ள கிளையைச் சாப்டர் என்றும் அழைக்கிறார்கள். அன்று பன்னிரண்டு, இன்று அலபாமா பல்கலைக்கழகத்தில் ஒரே சாப்டரில் 400 பேரைத் தாண்டுவதும் உண்டு. எத்தனை பேர் இருந்தால் நல்லது என்ற விவாதம் ஆண்டுதோறும் நடக்கிறது, பெரும்பாலும் தவறான இடத்திலிருந்தே தொடங்குகிறது.

அந்த எண்ணைச் சாப்டரே முடிவு செய்துகொள்ளலாம் என்று நினைப்பது முதல் தவறு. 1902இல் உருவான தேசிய பான்ஹெலனிக் மாநாடு என்ற கூட்டமைப்பில் 26 சொராரிட்டிகள் உள்ளன. அவற்றின் சாப்டர்கள் ஒரு கல்லூரியில் சேர்ந்து அமைக்கும் பான்ஹெலனிக் குழுவே வரம்பை வகுக்கிறது. அதில் இரண்டு எண்கள் உண்டு. ஆண்டின் பிரதானச் சேர்க்கையில் ஒரு சாப்டர் புதிதாக எத்தனை பேரை எடுக்கலாம் என்பது கோட்டா. பழையவர், புதியவர் எல்லோரையும் சேர்த்து அந்தக் கல்லூரியில் ஒரு சாப்டர் எட்டக்கூடிய அளவு டோட்டல். சேர்க்கை முடிந்தபின் டோட்டலுக்குக் கீழே இருக்கும் சாப்டர்கள் மட்டும் மேலும் ஆள் எடுக்கலாம்.

டோட்டலை எப்படி வகுப்பது என்பதில்தான் அடுத்த சறுக்கல். கற்பனையாக ஒரு கல்லூரியை எடுத்துக்கொள்வோம். ஐந்து சாப்டர்கள், பிரதானச் சேர்க்கை முடிந்தபின் உறுப்பினர் எண்ணிக்கை 48, 95, 110, 162, 170. சராசரி 117, நடு எண் 110. மிகப் பெரிய சாப்டரின் அளவையே டோட்டலாக வைத்தால் 170. எல்லோருக்கும் இடம் கிடைக்குமே என்று பலரும் 170க்குக் கை தூக்குவார்கள். நடப்பது வேறு. 110 பேர் உள்ள சாப்டர் இன்னும் 60 பேரை அழைக்கலாம், 162 பேர் உள்ளது கூட எட்டுப் பேரை அழைக்கலாம். சேர விரும்பும் பெண்கள் ஏற்கெனவே பெயர் பெற்ற சாப்டரைத்தான் முதலில் நாடுவார்கள். கதவு திறந்திருந்தும் 48 பேர் உள்ள சாப்டரின் பக்கம் யாரும் எட்டிப்பார்க்க மாட்டார்கள். டோட்டல் 110 என்றால் 48, 95 என்ற இரண்டுக்கு மட்டுமே இடமிருக்கும். வருகிறவர்கள் அங்கே போயாக வேண்டும். நலிந்த சாப்டரைக் காப்பது தாராளமான வரம்பு அல்ல, இறுக்கமான வரம்புதான். நம்பச் சற்றுக் கடினம், ஆனால் கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

கோட்டாவையும் டோட்டலையும் குழப்பிக்கொள்வது இதைவிட அதிகச் சேதம் செய்யும். டோட்டல் 130, சாப்டரில் ஏற்கெனவே 140 பேர். “நிரம்பிவிட்டது, இந்த ஆண்டு பத்துப் பேர் போதும்” என்று ஒரு தலைவி நினைக்கிறாள். விதிப்படி, டோட்டலைத் தாண்டியிருந்தாலும் பிரதானச் சேர்க்கையில் முழுக் கோட்டாவையும் எடுக்கலாம். எடுக்கவும் வேண்டும், ஏனென்றால் சாப்டர் என்பது நான்கு ஆண்டு வரிசை. ஆண்டுக்கு 45 பேர் சேர்ந்து, ஒவ்வோர் ஆண்டும் பத்தில் ஒருவர் விலகினால், நான்கு வகுப்புகளில் முறையே 45, 40, 36, 33 என்று ஏறக்குறைய 155 பேர் இருப்பார்கள். மே மாதம் இறுதியாண்டு மாணவிகள் 33 பேர் பட்டம் வாங்கிப் போய்விடுவார்கள். ஓராண்டில் பத்துப் பேரோடு நிறுத்திக்கொண்டால் அந்த ஓட்டை அந்த ஆண்டோடு அடைபடாது. அந்த வகுப்பு பட்டம் பெறும்வரை கூடவே நடக்கும். மூன்றாம் ஆண்டில் தலைவி, பொருளாளர், சேர்க்கைப் பொறுப்பாளர் என்று பதவிகளுக்கு ஆள் தேடும்போது, அந்தப் பத்தில் மிஞ்சிய ஏழெட்டுப் பேரிடமே எல்லாச் சுமையும் விழும்.

இதே கணக்கை மறுபக்கமும் பார்க்கலாம். விலகுவோர் பத்தில் ஒன்றாக இல்லாமல் ஐந்தில் ஒன்றானால், அதே 45 பேரைச் சேர்த்தும் 133ஐத் தாண்டாது. ஆனால் கூட்டங்களில் அலசப்படுவது சேர்க்கை மட்டுமே. போனவள் ஏன் போனாள் என்று கேட்பவர் அரிது.

பிறகு, உறுப்பினர்கள் சேர்ந்து தங்கும் சாப்டர் வீடு. பெரும்பாலும் முன்னாள் உறுப்பினர்களின் நிறுவனம் ஒன்றுதான் வீட்டுக்கு உரிமையாளர். கடனும் அதன் தலையில். அறுபது கட்டில் உள்ள வீட்டில் நாற்பது பேர் தங்கினால் கட்டண வருவாய் குறையும், கடன் குறையாது. எனவே “கட்டிலை நிரப்பும் அளவுக்கு ஆள் எடுங்கள்” என்ற நெருக்கடி வரும். எத்தனை பேர் வீட்டில் தங்குவார்கள் என்பதும் எத்தனை பேர் உறுப்பினர் என்பதும் தனித்தனிக் கேள்விகள். முந்தையதைச் சரிசெய்யப் பிந்தையதைத் திருகக் கூடாது. பெரிதானால் தலைக்குச் செலவு குறையும் என்பதும் பாதி உண்மைதான். சமையல்காரர் சம்பளமும் பராமரிப்பும் பகிர்ந்துகொள்ளப்படும். தேசியத் தலைமைக்குக் கட்டும் தலைக்கட்டணம் அப்படிப் பகிரப்படாது. 300 பேர் ஆனபின் வாராந்தரக் கூட்டத்துக்கு வீட்டின் கூடம் போதாது. தீயணைப்பு விதிகள் ஓர் அறையில் இத்தனை பேர்தான் என்று வரம்பு கட்டியிருக்கும். பல்கலைக்கழக அரங்கை முன்பதிவு செய்ய வேண்டும், வருகையைப் பதிய வாசலில் ஆள் நிற்க வேண்டும், வராதவளைக் கவனிக்க ஒரு முறை வேண்டும். இத்தனையையும் நடத்துபவள் இருபது வயது மாணவி, அடுத்த நாள் அவளுக்குத் தேர்வு இருக்கும்.

இனி, எனக்கு எரிச்சலூட்டும் தவறு: “சிறியதாக இருந்தால்தான் தரம்.” நெருக்கம் வேண்டும் என்பது நியாயமான ஆசை. ஆனால் இந்தத் தரப் பேச்சுக்கு ஒரு வரலாறு உண்டு. 2013 செப்டம்பரில், அலபாமா பல்கலைக்கழக மாணவர் இதழான க்ரிம்சன் ஒயிட், பாரம்பரியமாக வெள்ளையர் சொராரிட்டிகளாக இருந்தவற்றில் கறுப்பின மாணவி ஒருவர் தேர்வாகாமல் முன்னாள் உறுப்பினர்களின் தலையீட்டால் தடுக்கப்பட்டதை வெளியிட்டது. நாடெங்கும் பெரும் பேச்சானது. பல்கலைக்கழகத் தலைவர் ஜூடி பானர் சேர்க்கையை மீண்டும் திறக்கச் சொன்னார். கூடவே சாப்டரின் உச்ச வரம்பையும் 360 ஆக உயர்த்தினார்கள். பெரும்பாலான சாப்டர்கள் பழைய வரம்பைத் தொட்டுக்கொண்டிருந்ததால், வரம்பை உயர்த்தாமல் கதவை மட்டும் திறந்து பயனில்லை. வெளியே நிறுத்தப்படுபவள் யார் என்று பார்க்காமல் எண்ணை மட்டும் பேசக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

சேர விரும்புவோர் ஆண்டுக்காண்டு கூடினால் இருக்கும் சாப்டர்களையே ஊதப் பெரிதாக்குவது குழுக்கள் செய்யும் சோம்பேறித்தனம். புதிய சொராரிட்டி ஒன்றை வளாகத்துக்கு அழைக்க வழிமுறை இருக்கிறது. நேரம் எடுக்கும், அவ்வளவுதான். போட்டி கூடும் என்ற அச்சத்தில் பழைய சாப்டர்கள் அதை ஒத்திப்போடும்.

நம் வீட்டுப் பெண்கள் பலர் சேரும் தெற்காசியச் சொராரிட்டிகளுக்கு இந்தச் சட்டகம் பொருந்தாது. 1998இல் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய கப்பா ஃபை காமா, அதே ஆண்டு ஹூஸ்டனில் தொடங்கிய டெல்டா ஃபை ஒமேகா போன்றவை மேற்சொன்ன 26இல் இல்லை. அங்கே ஒரு பருவத்தில் சேர்வோரை விரல்விட்டு எண்ணிவிடலாம். அலபாமாவின் அளவுகோலை எடுத்து வந்து “நாமும் நூறு பேராக வேண்டும்” என்று அவர்கள் கிளம்பினால் வீண் செலவு. பட்டம் பெற்றுப் போகிறவர்களை ஈடுகட்ட அடுத்த பருவத்தில் எத்தனை பேர் வேண்டும், அவர்களுக்குப் பயிற்சி தர மூத்தவர்கள் யார் யார் இருப்பார்கள் என்று பெயரோடு எழுதிப் பார்த்தால் போதும். அந்தப் பட்டியலை ஆகஸ்டில் அல்ல, மூத்தவர்கள் இன்னும் வளாகத்தில் இருக்கும் மார்ச்சிலேயே எழுத வேண்டும்.