‘தண்ணீர் குடித்தால் ஊற்றை நினை’: ஒரு வியட்நாமியப் பழமொழியைப் பழகுவோம்

ஊவங் நுவக் ஞோ ஙூவன். நான்கே சொற்கள். வியட்நாமியம் படிக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் இதைப் பழகலாம் என்பேன்.

படி 1: வாயில் வரட்டும்

தமிழ் பேசும் நாக்குக்கு இது அவ்வளவு கஷ்டமில்லை. ‘ஞோ’வில் இருப்பது ஞாயிறின் ஞ. ‘ஙூவன்’ ங-வில் தொடங்குகிறது: ‘மாங்காய்’ என்று சொல்லப்போய், ‘ங்’ வந்ததும் நிறுத்துங்கள்; அந்த இடத்திலிருந்தே தொடங்குங்கள். ‘நுவக்’கின் உகரம், ‘பாட்டு’ என்று முடிக்கும்போது வரும் உகரம்தான், உதடு குவியாது. ‘ஞோ’வுக்கும் உதட்டைக் குவிக்காதீர்கள்.

அப்புறம் தொனி. முதல் மூன்று சொற்களில் குரல் ஏறும், கடைசியில் இறங்கும். ‘ஞோ’வில் குரலை இறக்கிவிட்டால், ‘நினை’ என்பது ‘உதவி கேள்’ என்று மாறிவிடும்.

படி 2: பிரித்துப் பாருங்கள்

குடி, தண்ணீர், நினை, ஊற்று. விகுதி, உருபு எதுவும் கிடையாது.

‘நுவக்’கில் கொஞ்சம் நில்லுங்கள். தண்ணீரும் அதுதான், நாடும் அதுதான். இந்தியா ‘நுவக் அன் தோ’. கண்ணீர் ‘நுவக் மத்’, நம்மைப் போலவே கண்ணின் நீர். ‘ஞோ’வும் வெறும் நினைவு அல்ல, ஏக்கமும் சேர்ந்தது, ‘ஞோ ஞா’ என்றால் வீட்டு ஏக்கம்.

படி 3: வந்த வழி

இதே பொருளில் ‘அம் துய் து ஙுயேன்’ என்ற சீனவழித் தொடரும் வியட்நாமில் உண்டு. அதன் வேர், 6ஆம் நூற்றாண்டுச் சீனக் கவிஞர் யூ ஷின் எழுதிய அரசவைப் பாடல்: கனி பறிப்பவர் மரத்தை எண்ணுவர், நீர் அருந்துபவர் ஊற்றை எண்ணுவர். 554இல் வடக்கே தூது போனவர் அவர். அந்த ஆண்டே, தூது போன நாடு அவர் நாட்டுத் தலைநகரைப் பிடித்தது. ஊர் திரும்பவே இல்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, அந்த வரி எனக்கு வெறும் அறிவுரையாகக் கேட்பதில்லை.

‘ஙூவன்’ சீனத்திலிருந்து வந்த சொல். ‘நுவக்’ வியட்நாமியரின் சொந்தச் சொல். அது சேர்ந்ததால்தான் பழமொழிக்குள் நாடும் வந்துவிட்டது.

படி 4: எங்கே சொல்வது

முன்னோர், பெற்றோர், ஆசிரியர் பேச்சு வருமிடத்தில். போரில் உயிர்நீத்தோரையும் காயமுற்றோரையும் நினைக்கும் ஜூலை 27 அன்று (1947 முதல்) பதாகைகளிலும் இதைப் பார்க்கலாம்.

சரி, இது வசப்பட்டதும் யூ ஷின்னின் கனியையும் பழகுங்கள்: ‘அன் க்வா ஞோ கே சோங் கய்’. பழம் தின்றால் மரம் நட்டவரை நினை. இதிலும் அதே ‘ஞோ’தான், குரல் ஏறட்டும்.